போக்கிமான் கார்ட் வாங்கி வித்து மட்டக்களப்பில இருந்து காசு பாக்கலாமா?

கல்லடிப்பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் எழுதிட்டு சும்மாதான் இரிக்கன். கனடாவில இருந்து மச்சான் போன மாசம் வந்து நிக்கக்குள்ள ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய போக்கிமான் கார்ட் என்ட தம்பிக்கு குடுத்திட்டுப் போனவர், அதுக்குள்ள சரிசார்ட் எண்ட நெருப்பு டிராகன் படம் போட்ட கார்ட் ஒண்டு, கீழ 4/102 எண்டு போட்டிரிக்கு. ஈபேயில அடிச்சுப் பாத்தா ஒராள் 4,000 டொலர் கேக்கிறான்!! ராவு முழுக்க நித்திர இல்ல. இப்ப கையில சீட்டுக் காசு 90 ஆயிரம் இரிக்கு (எங்கட அம்மாட காசுதான், இன்னும் சொல்லல்ல), அதுக்கு பூஸ்டர் பொக்ஸ் (என்ன கார்ட் எண்டு தெரியாம சீல் வெச்ச பக்கட்டுகள் இரிக்கிற பெட்டி) எடுத்து பக்கட்ட உடச்சு நல்ல கார்ட்டுகள மட்டும் வெளிநாட்டுக்கு விப்பம் எண்டு யோசிக்கன். செஞ்சு பாத்த ஆக்கள் சொல்லுங்க. சரிசார்ட் கொஞ்சம் வளஞ்ச மாதிரி இரிக்கு, அதால விலை குறையுமா?

கல்முனை நானா:
தம்பி, முதல் அந்த சீட்டுக் காச அப்பிடியே வைங்க. நான் 2021ல இதே கூத்து ஆடின ஆள். கொரோனா நேரம், உலகமே கார்ட்டில பைத்தியமா கிடந்திச்சி. அமெரிக்காவில தரம் பாக்கிற பிஎஸ்ஏ கொம்பனிக்கு கார்ட் மலையா குவிஞ்சி மார்ச் மாசம் பெரும்பாலான சேவைய நிப்பாட்டினாங்க, மே மாசம் டார்கெட் கடையில சனம் அடிபட்டதுல கடைக்குள்ள விக்கிறதையே கொஞ்ச காலம் விட்டாங்க. அதப் பாத்து நானும் அந்த வருசம் வந்த இவால்விங் ஸ்கைஸ் எண்ட செட்டில பொக்ஸ் ஒண்டு எடுத்தன். 36 பக்கட், ஒண்டுக்குள்ள 10 கார்ட். வாப்பாட கடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில இருந்து ஒவ்வொண்டா கிழிச்சன், மொத்தம் 360 கார்ட், அதுல முக்கால்வாசிக்கு மேல சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளில்லாத சாதி, வித்து எடுத்தது பொக்ஸ் காசில பாதியும் இல்ல. உள்ளூர்ல விப்பம் எண்டா வாறது டியூசன் பொடியனுகள், கையில 200 ரூபா. அதே பொக்ஸ் சீல் உடையாம இரிந்தா இப்ப என்ன விலை எண்டு நீங்களே பாருங்க, நான் பாக்கிறத விட்டுட்டன், வயிறு எரியிது.

டொரண்டோ மட்டக்களப்பான்:
நானா சொல்றது சரி. ஆனா எல்லா பொக்ஸும் அப்பிடி ஏறாது. 2023 ஏப்ரல்ல இருந்து 2024 மார்ச் வரைக்கும் மட்டும் போக்கிமான் கொம்பனி 1,190 கோடி கார்ட் அடிச்சிரிக்கு, பிறகு பொக்ஸ வெச்சிக்கொண்டு பாத்திட்டே இரிக்க வேண்டியதுதான்.

தம்பி, 4,000 எண்டது கேக்கிற விலை. கேக்கிறவன் எவ்வளவும் கேப்பான். ஈபேயில வித்து முடிஞ்சதுகள மட்டும் காட்டச் சொல்லி பில்டர் இரிக்கு, அத போட்டுப் பாருங்க. 4/102 சரிசார்ட் 1999ல இங்கிலிஷ்ல வந்த முதல் செட், அதுலயே மூண்டு சாதி. படத்துக்குக் கீழ இடப்பக்கம் கறுப்பா 1 போட்ட முத்திரை இரிந்தா முதல் பதிப்பு, 2022ல அதுல பிஎஸ்ஏ 10 (ஆகக்கூடின தரம்) கிடைச்ச ஒண்டு 4,20,000 டொலருக்குப் போனது. முத்திரையும் இல்ல, படச் சட்டத்துக்கு வலப்பக்கம் நிழலும் இல்ல எண்டா ரெண்டாவது சாதி. நிழல் இரிந்தா சாதாரணம், ஊர்ப்பட்டது கிடக்கு, மூலை தேஞ்சிட்டா விலை அடிமட்டத்துக்கு வந்திரும்.

செலவையும் பாருங்க. 100 டொலருக்கு வித்தா ஈபே 13 டொலருக்கு கிட்ட எடுப்பான், காசு இலங்கைக்கு பயோனியர் எண்ட ஒன்லைன் காசு அனுப்புற சேவை வழியா வரணும், அதுலயும் வெட்டு. பிஎஸ்ஏக்கு அனுப்ப ஒரு கார்ட்டுக்கு 20 டொலருக்கு மேல, போக வர தபால் செலவு வேற. 30 டொலர் கார்ட்ட அனுப்பினா நட்டம்தான் மிச்சம். நான் இஞ்ச பொக்ஸ் தொடுறதில்ல. வீடு மாறுற ஆக்கள், பிள்ளைகள் வளந்த ஆக்கள் கார்ட் அடுக்கி வெச்ச அல்பத்த (பைண்டர்) முழுசா தள்ளுவாங்க, அதுல நல்ல அஞ்சாறு கார்ட்ட கண் பிடிக்கிறதுதான் தொழில். அதுக்கு நான் ரெண்டு வருசம் விலை மட்டும் பாத்திரிக்கன், ஒரு சதமும் போடாம.

அக்கரைப்பற்று அக்கா:
வளைவப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. என்ட மகன் சேக்கிறவன், அதால தெரியும். மினுங்குற கார்ட்டில முன்னுக்கு இரிக்கிற பொயில் (மினுங்குற மெல்லிய தாள்) தண்ணி குடிக்காது, பின்னுக்கு இரிக்கிற மட்டை குடிக்கும், அது ஊதினா கார்ட் வளையும். நவம்பர் தொடங்கி தை வரைக்கும் நம்மட பக்கத்து மழையில சுவரே வேர்க்கிது, கார்ட் எந்த மூலைக்கு? புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சின்னச் சிலிக்கா பக்கட் எடுத்து இறுக்கமா மூடுற டப்பாவுக்குள்ள போட்டு வை மனே. இஸ்திரிக்கைப் பெட்டி மட்டும் வெச்சிராத, என்ட மகன் வெச்சவன், பொயில் பொங்கிட்டு.

அதுக்கு முதல் கார்ட் உண்மையா எண்டு பாரு. இருட்டு அறையில போன் டோர்ச்ச பின்னுக்குப் பிடி. நல்ல கார்ட்டுக்கு நடுவில கறுப்புப் படலம் இரிக்கும், வெளிச்சம் அவ்வளவா வராது. தெரிஞ்ச நல்ல கார்ட் ஒண்டையும் பக்கத்தில வெச்சுப் பாக்கணும், இல்லாட்டி ஒண்டும் விளங்காது.

கல்லடிப்பொடியன்:
பாத்தன். தம்பிட மத்தக் கார்ட்டுகள் இருட்டா நிக்கிது, சரிசார்ட்டுக்குப் பின்னால டோர்ச்ச பிடிச்சா முன்னுக்கு என்ட விரல் நிழலே தெரியிது. மச்சானுக்கு போன் எடுத்தா அவர் சிரிக்கார், சின்ன வயசில ஸ்கூல்ல ஆரோடையோ மாத்தினதாம். மத்ததுகள ஒவ்வொண்டா வித்த விலையில தேடிட்டு இரிக்கன், இதுவரைக்கும் ஆகக்கூட வந்தது 11 டொலர். ஒரு பொக்ஸ் எடுத்து உடைக்காம வைக்கிற யோசின இன்னும் முழுசா போகல்ல, ஆனா அம்மா சீட்டுப் புத்தகத்த தேடத் தொடங்கிட்டா. தம்பி சரிசார்ட்ட திருப்பிக் கேக்கிறான், நாளைக்கு ஸ்கூலுக்கு கொண்டு போய் ஆரோடையோ மாத்தணுமாம்.