எண்ணெய் வடியிற மூஞ்சி: துடைக்கிறது வேற, சுரப்பைக் குறைக்கிறது வேற

பாளை தோல் டாக்டர்:
நம்ம திருநெல்வேலியில சித்திரை வெயில் ஏறினதும் வாறவங்க பலபேரு சொல்ற குறை ஒண்ணுதான். காலையில மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டுக் கிளம்புதாங்க. பதினொரு மணிக்கு வண்ணாரப்பேட்டை சிக்னல்ல நிக்கும்போது நெத்தியும் மூக்கும் மின்னுது. முகத்துல சில இடத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400-லருந்து 900 வரைக்கும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் ஒண்ணுகூடக் கிடையாது. இந்தச் சுரப்பியை ஓட்டுறது ஆண்ட்ரோஜன்ங்கிற ஆண்தன்மை ஹார்மோன், அது பொண்ணுங்களுக்கும் உண்டு. தோலோட சூடு 1 டிகிரி கூடினா எண்ணெய் வாறது ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அதனால மே மாசத்துல மின்னுறதும், ஆனிச் சாரல்ல கொஞ்சம் அடங்குறதும் சீக்கு இல்ல, இயல்பு.

'அடிக்கடி கழுவினா சுரப்பி கோவிச்சுக்கிட்டு இன்னும் அதிகமா எண்ணெய் விடும்' என்பாங்க. சுரப்பி ஹார்மோன் பேச்சைத்தான் கேக்கும். சோப்பு என்ன செய்யுதுன்னு அதுக்குத் தெரியாது. கழுவின சில மணி நேரத்துல எண்ணெய் பழைய அளவுக்கு வந்துரும், அவ்வளவுதான். கெடுறது வேற இடத்துல. கட்டிச் சோப்போட பிஎச் (புளிப்பா காரத்தன்மையான்னு காட்டுற எண்) 9, 10 இருக்கும், தோலோடது 5-ஐ ஒட்டி. நாளுக்கு அஞ்சு தடவை போட்டா மேல்தோல் இழுத்துப் பிடிக்கும், எரியும், செதில் விடும். அதுக்கு மேல எண்ணெயும் வடியும். 'மூஞ்சி காஞ்சும் இருக்கு, வழியவும் செய்யுது'ன்னு வாறவங்கள்ல நிறையப் பேரு இந்த வகை.

மொதல்ல இதைப் பாருங்க. மிதமான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிட்டு, எதையும் தடவாம ஒரு மணி நேரம் சும்மா இருங்க. பெறவு டிஷ்யூவை நாலாக் கிழிச்சு நெத்தி, மூக்கு, நாடி, கன்னம்னு தனித்தனியா ஒத்தி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நாலும் எண்ணெய்த்தாளாத் தெரிஞ்சா எண்ணெய்த் தோல். கன்னத்துத் துண்டு மட்டும் காஞ்சிருந்தா கலப்புத் தோல். மூக்கு ஓரத்துலயும் புருவத்துலயும் மஞ்சச் செதில் இருந்து தலையில பொடுகும் இருந்தா அது செபோரிக் டெர்மடைட்டிஸ். அதுக்கு ஃபேஸ்வாஷ் மாத்திப் பிரயோசனம் இல்ல, கீட்டோகோனசோல் 2 சதவீதம் மாதிரி பூஞ்சையைக் கொல்ற மருந்து வேணும்.

சமாதானபுரம் பார்லர்:
டாக்டர் சொன்ன கலப்புத் தோல்காரங்கதான் எங்ககிட்ட அதிகம். அவங்களுக்கு 'ஃபுல் ஃபேஷியல்' வேண்டாம்னு சொன்னா முகம் சுருங்கிருது. மசாஜ் கிரீம்ல கொழுப்பு அதிகம். அதை இருபது நிமிஷம் தேய்ச்சு ஏத்தினா அன்னைக்கு மினுமினுன்னு இருக்கும், ரெண்டு மூணு நாள்ல நெத்தி பூரா பொரிப்பொரியா வந்துரும். கிளீன்அப் போதும்: ஆவி அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல பிடிச்சா ரத்தக்குழாய் விரிஞ்சு சிவப்பு நிக்கும். கரும்புள்ளியை வளையக் கம்பியால நேரா அமுக்கினா வரணும், வரலைன்னா விட்டுரணும். சீழ் கட்டின பருவைத் தொடவே கூடாது, குழி விழுந்துரும்.

மூக்குல சாம்பல் கலர்ல வரிசையாத் தெரியிற புள்ளியைக் கரும்புள்ளின்னு நினைச்சு ஸ்ட்ரிப் ஒட்டிப் பிய்க்காங்க. அது எண்ணெய் வெளிய வாற துவாரத்துல இருக்கிற திரி. எடுத்தா ஒரு மாசத்துக்குள்ள திரும்ப நிரம்பிரும். அதுக்குக் காசு செலவழிக்காதீங்கன்னு சொல்றது தொழிலுக்கு நஷ்டம்தான், என்ன செய்ய.

முல்தானி மட்டி போடுறவங்க செய்யிற தப்பு, பாளம் பாளமா வெடிக்கிற வரைக்கும் விடுறது. ரெண்டு ஸ்பூன் மட்டியைத் தண்ணியிலயோ பன்னீர்லயோ தோசைமாவுப் பதத்துக்குக் கரைச்சு, கண்ணைச் சுத்தி விட்டுட்டுப் போடுங்க. ஓரம் வெளுத்து நடுவுல ஈரம் இருக்கும்போதே, எட்டு பத்து நிமிஷத்துல, நனைச்சுக் கழுவிரணும். காயக் காயத் தோல்ல இருக்கிற தண்ணியையும் சேத்து இழுத்துரும். வாரத்துக்கு ஒருதரம், மிஞ்சினா ரெண்டு. அதுல எலுமிச்சை பிழியாதீங்க. அந்தப் புளிப்பே எரிக்கும், வெயில்ல போனா பட்ட இடம் கருகித் திட்டா நின்னுரும். நலங்கு மாவு நல்லதுதான், ஆனா மிஷின்ல கொரகொரன்னு அரைச்சதை மூஞ்சியில தேய்க்கக் கூடாது. சலிச்சு எடுத்து, தேய்க்காம பூசிக் கழுவுங்க.

தலை எண்ணெய் இன்னொண்ணு. தேங்கா எண்ணெய் வழிய வழிய வச்சு வாரிச் சடை போட்டா, மயிர் தொடங்குற கோட்டுல, நெத்தி ஓரத்துல, குட்டிக் குட்டியா வெள்ளைப் பரு வரிசை கட்டும். குத்தாலத்துல எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னுட்டு வந்த பெறகு வாற பருவும் இந்தச் சாதிதான். எண்ணெயை ராத்திரி பூரா வைக்காம குளிக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வச்சு, சீயக்காய் போட்டு அலசும்போது தலையைக் குனிஞ்சு அலசுங்க. அப்ப எண்ணெய்த்தண்ணி நெத்தி வழியா இறங்காது. தலகாணி உறையையும் மாத்துங்க.

ராதாபுரம் பக்கத்து வாசகர்:
எங்க பக்கம் போர்த் தண்ணி. சோப்பு நுரைக்காது, மூஞ்சியில வெள்ளையாப் படிஞ்சு நிக்கும். இதுக்கு என்ன வழி?

பாளை தோல் டாக்டர்:
தண்ணியில இருக்கிற கால்சியம் சோப்போட சேந்து கட்டுற கசடு அது, தோல் எரிச்சலைக் கூட்டும். சோப்பு கலக்காத சின்டெட் கட்டியோ ஜெல் ஃபேஸ்வாஷோ வாங்குங்க, அதுல இந்தக் கசடு வராது. கடைசியா ஒரு சொம்பு குடிதண்ணி விட்டு அலசினாப் போதும்.

டவுன் மெடிக்கல்:
கவுண்டர்ல நடக்கிறதைச் சொல்றேன். காலி டியூபை நீட்டி 'அண்ணாச்சி, இதே ஒண்ணு குடுங்க' என்பாங்க. வாங்கிப் பாத்தா மொமெட்டசோனும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கலந்த கிரீம். பக்கத்து வீட்டுல யாரோ சொன்னது. ரெண்டு வாரத்துல மூஞ்சி வெளுக்கும், பரு அமுங்கும், எண்ணெயும் குறைஞ்ச மாதிரி இருக்கும். மாசக்கணக்காப் போட்டா தோல் மெலிஞ்சு, வெயில் பட்டாலே செவந்து, கன்னத்துல பூனைமயிர் வளந்து, ஒரே அளவுல சிவப்புப் பரு கொத்தா வரும். நிறுத்தினா இன்னும் மோசமாகும், அதனால திரும்ப வாங்குவாங்க. விட முடியாமப் போறது இப்படித்தான்.

டியூப்ல சின்ன எழுத்தைப் படிங்க: மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன். இதுல ஒண்ணு இருந்தாலும் அது ஸ்டீராய்டு, எண்ணெய்க்கு மருந்து இல்ல. 2018-லயே ஸ்டீராய்டுத் தோல் கிரீம்களை ஷெட்யூல் எச்-ல கொண்டுவந்தாச்சு, சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது. ஏற்கெனவே மாசக்கணக்காப் போட்டவங்க சட்டுன்னு நிறுத்தாம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரித் தோல் பிரிவுல காட்டி, எப்படி விடணும்னு கேட்டு விடுங்க.

சீட்டு இல்லாம வாங்குறதுல உருப்படியானது மூணு. சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் 1 இல்லன்னா 2 சதவீதம்; எண்ணெயில கரையிற ஆசிட், அதனால துவாரத்துக்குள்ள போகும். போட்டதும் கழுவிராம ஒரு நிமிஷம் விடுங்க. நயாசினமைடு: 10 சதவீதம்தான் வேணும்னு வாறாங்க, அது பலபேருக்குச் சிவந்து எரியும். எண்ணெய் குறைய 2 சதவீதமே போதும், 5-ஐத் தாண்ட வேண்டாம், ஒரு மாசம் பொறுக்கணும். மூணாவது பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். இது எண்ணெயைக் குறைக்காது, பருக்கிருமியைத்தான் கொல்லும். துண்டு, தலகாணி உறை, கலர்ச் சட்டை எல்லாத்தையும் வெளுத்துரும்னு சொல்லித்தான் குடுக்கோம். மூணையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா எது எரிச்சலு தந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணாச் சேருங்க.

கிளினிக் சிஸ்டர்:
பீல், அதாவது ஆசிட் தடவி மேல்தோலை உரிய வைக்கிறது, பத்திக் கேக்கவங்களுக்கு. எண்ணெய்த் தோலுக்கு மொதல்ல எடுக்கிறது சாலிசிலிக், 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 30 வரைக்கும். ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க, கர்ப்பமா இருக்கவங்க, பால் குடுக்கவங்களுக்குச் செய்யிறது இல்ல. ராத்திரி பருவுக்கு அடாபலீன் கிரீமோ டிரெட்டினாயின் கிரீமோ போடுறவங்க ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும். த்ரெட்டிங், வேக்ஸிங், ஷேவிங் செஞ்ச கையோட வந்தா திருப்பி அனுப்பிருவோம். மேலுதட்டுல நூல் போட்டுட்டுச் சொல்லாம உக்காந்தா அந்த இடம் மட்டும் வெந்து, மீசை மாதிரி கறுத்து நிக்கும்.

மூஞ்சி கழுவி, ஸ்பிரிட்டோ அசிட்டோனோ நனைச்ச காஸால எண்ணெயை எடுக்கணும். இதுலதான் விஷயமே இருக்கு. எண்ணெய் சரியாப் போகலைன்னா ஆசிட் திட்டுத்திட்டா இறங்கும். போட்டு அரக்கித் தேய்ச்சா அங்க ஆழமா இறங்கிரும். மூக்கு மடிப்பு, கடவாய், கண்ணோரம் மூணுலயும் வாசலின். பெறகு ஆசிட்டை நெத்தியில ஆரம்பிச்சு கன்னம், நாடி, கடைசியா மூக்குன்னு போடுவோம். ரெண்டு மூணு நிமிஷம் சுரீர்னு எரியும், ஃபேனைக் காட்டுவோம், பெறகு மரத்த மாதிரி ஆயிரும். வெள்ளையாப் பூத்து வாறது தோல் வெந்தது இல்ல, ஸ்பிரிட் ஆவியாகி ஆசிட் உப்பாப் படிஞ்சது. அஞ்சு நிமிஷத்துக்குள்ள தண்ணியில கழுவிருவோம்.

கிளைகாலிக் ஆசிட் பீல் அப்படி இல்ல, தானா நிக்காது. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்து, எங்கயாவது செவந்தா உடனே சோடா உப்புக் கரைசலால அதை முறிக்கணும். கிளைகாலிக் பாட்டிலை ஆன்லைன்ல வாங்கி வீட்டுலயே போடுறவங்க கறுத்த கன்னத்தோட வாறது இந்த ஒரு படியை விட்டதாலதான். நம்ம மாநிறத் தோல்ல எரிச்சல் ஆறும், அது விட்டுட்டுப் போற கறுப்பு மாசக்கணக்குல நிக்கும்.

ரெண்டாம் மூணாம் நாள்ல தோல் உரிய ஆரம்பிக்கும், ஒரு வாரத்துல முடியும். பிய்க்காதீங்க. ரெண்டுலருந்து நாலு வாரத்துக்கு ஒருதரம், மொத்தம் மூணுலருந்து ஆறு. பீல் துவாரத்தைத் துப்புரவாக்கும், மின்னுறதைக் கொஞ்ச நாளைக்கு அடக்கும். சுரப்பி சுரப்பி பாட்டுக்கு இருக்கும். மெஷினால துவாரத்தைக் கழுவி உறிஞ்சுற ஹைட்ரா ஃபேஷியலும் அப்படித்தான், அதோட பலன் நாள்கணக்கு.

பாளை தோல் டாக்டர்:
சிஸ்டர் விட்ட இடத்துலருந்து தொடர்றேன். சுரப்பையே குறைக்கிறதுன்னா ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. முழு அளவுல எண்ணெய் 90 சதவீதம் வரைக்கும் குறையும், சுரப்பியே சுருங்கும். வெறுமனே மின்னுறதுக்குக் குடுக்கிறது இல்ல. பருவோட, தழும்போட இருந்தாத்தான். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின்னாடி போட்டாத்தான் உடம்புல ஏறும், வெறும் காப்பியோட போட்டா பாதி வீண். உதடு வெடிக்காத ஆள் கிடையாது. ஆரம்பிக்கும்போதும் இடையிலயும் ஈரல், கொழுப்பு ரத்தப் பரிசோதனை. டாக்ஸிசைக்ளினோட சேக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது, குழந்தைக்கு உறுப்புக் குறை வரும். அந்த நாள்ல ரத்த தானமும் கிடையாது. தங்கச்சிக்கு எழுதின சீட்டுல அக்கா வாங்கிச் சாப்பிடுற பழக்கம் இங்க உண்டு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

மாசம் தள்ளிப் போறது, நாடியில முரட்டு மயிர், எண்ணெய், பரு எல்லாம் சேந்து இருக்கிற பொண்ணுங்களுக்குக் கிரீம் எழுதிப் பிரயோசனம் இல்ல. பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கான்னு பாக்கணும், ஆண்ட்ரோஜனைத் தடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை அங்கதான் வேலை செய்யும், அதுவும் கர்ப்பத்துல ஆகாது. போட்டாக்ஸ் ஊசியை நெத்தித் தோல்ல மேலாகப் புள்ளி புள்ளியாப் போட்டா எண்ணெய் சில மாசம் குறையும். சுரப்பியைக் குறிவைக்கிற 1726 நானோமீட்டர் லேசருக்கு அமெரிக்காவுல 2022-ல பருவுக்கு அனுமதி குடுத்தாங்க. காசு இருந்தா யோசிக்கலாம், அவசரம் இல்ல.

மேலப்பாளையம் வாசகர்:
ஆவணி மொத வாரத்துல தங்கச்சி கல்யாணம். பீல் எப்ப வைக்க? மேக்கப் ஒழுகாம இருக்க என்ன செய்ய?

சமாதானபுரம் பார்லர்:
கடைசிப் பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல நாலு வாரம் வேணும், அப்ப ஆடி தொடங்கும்போதே முடிச்சிருங்க. மொத பீலே கல்யாண மாசத்துலன்னா செய்யவே வேண்டாம். அன்னைக்குக் காலையில ஜெல் மாய்ஸ்சரைசர் லேசா, பத்து நிமிஷம் கழிச்சு டைமெத்திகோன்ங்கிற சிலிகான் உள்ள பிரைமர் (மேக்கப்புக்கு அடியில போடுறது) நெத்திக்கும் மூக்குக்கும் மட்டும். மண்டபத்துல வேர்க்கும்போது பவுடர் மேல பவுடர் அப்பாதீங்க, எண்ணெயோட சேந்து பாளம் கட்டும். டிஷ்யூவை ஒரு அடுக்காப் பிரிச்சு அழுத்தி ஒத்தி எடுத்துட்டு, அதுக்குப் பெறகு பஃப்ல ஒரு தொடல்.