கருங்கால் பூனையை நேரில் கண்டவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

கரிசல்வாசி
தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகருக்கு வெளியே உள்ள புல்வெளியில், அங்குக் குளிர்காலமான ஜூலை மாதத்துக் கடுங்குளிர் இரவொன்றில், நான் செய்த பிழை இன்னும் உறுத்துகிறது. ஓர் எலி வளையின் வாயருகே, சிறிய காட்டுப் பூனையினமான கருங்கால் பூனை கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தது. நாற்பது நிமிடங்கள் கழிந்தும் அது அசையாததால், "தூங்கிவிட்டது, போகலாம்" என்று வழிகாட்டியிடம் சொன்னேன். காதுகள் மட்டும் மாறிமாறித் திரும்பிக்கொண்டிருந்ததைக் கண்டும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. வண்டி நகர்ந்ததும் பின்னால் மண் சிதறும் ஓசை கேட்டது. திரும்பியபோது அதன் வாயில் ஒரு வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

இரவுநடை
அது தூக்கமே அன்று. கிம்பர்லிக்கு அருகிலுள்ள பென்ஃபொன்டெயின் வனவிலங்குக் காப்பகத்தில் அலெக்ஸாண்டர் ஸ்லிவா 1992 முதல் இப்பூனைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். வளை வாயிலில் அவை இரண்டு மணி நேரம்வரைகூடக் காத்திருக்கும் என்பது அந்தக் கள ஆய்வில் தெரிய வந்தது. பார்வையை மூடிவிட்டுச் செவியால் வேட்டையாடுகிற உயிரை நீங்கள் நாற்பது நிமிடங்களில் கைவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நான் கண்டது நேர்மாறான முறை. பூனை புற்கொத்துகளுக்கு இடையே வளைந்து வளைந்து விரைந்தது. மிரண்டு எழுந்த வானம்பாடி என் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதற்குள் பூனையும் எழும்பிவிட்டது. இரண்டும் ஒன்றாகத் தரையில் விழுந்த அந்தக் கணத்தை மறக்க முடியவில்லை.

புள்ளிக்கணக்கு
இந்தப் பூனையைப் பற்றிய பேச்சு எழுந்தாலே "உலகின் மிகக் கொடிய பூனை" என்ற பட்டமும் கூடவே வந்துவிடுகிறது; இங்கும் யாராவது அதை எழுதுவதற்கு முன் என் மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறேன். பத்து முயற்சிகளில் ஏறத்தாழ ஆறு வெல்லும் என்பது உண்மைதான். ஆனால் சுண்டெலியைப் பிடிப்பதையும், சிங்கம் வரிக்குதிரையை வீழ்த்துவதையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயமாகும்? ஆண் பூனையின் எடையே ஏறக்குறைய 2 கிலோதான். அச்சிறிய உடல் குளிர் இரவில் வெப்பத்தை விரைவில் இழப்பதால், ஓரிரவில் 10 முதல் 14 இரைகளையாவது பிடித்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே அதைக் கொடியது என்பதைவிட, ஓயாமல் பசிப்பது என்பதே பொருத்தம். என் அனுபவமா? இருளில் நீலப்பச்சையாக ஒளிர்ந்த இரு கண்கள், அவ்வளவே.

புல்வெளிக்காவல்
முதலில் எழுதிய நண்பர் தவறாக எண்ண வேண்டாம். அவர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாற்பது நிமிடங்கள் விளக்கை அதன்மேலேயே பாய்ச்சி வைத்திருந்தீர்களென்றால், கிளம்பியதைவிட அதுவே பெரிய பிழை. கருமுதுகு நரியும் பெரிய ஆந்தையும் இப்பூனையைக் கொல்லக் கூடியவை. நாம் காட்டும் வெளிச்சம் அவற்றுக்கு வழிகாட்டிவிடும். சிவப்பு வடிகட்டி பொருத்திய விளக்கைப் பயன்படுத்துங்கள். ஒளிவட்டத்தின் விளிம்பு மட்டும் அதன்மேல் படட்டும். வண்டித் தடத்தை விட்டு விலகாதீர்கள். ஸ்பிரிங்ஹேர் என்னும் தாவும் கொறிவிலங்கு தோண்டிவிட்ட வளைகளில்தான் இப்பூனை பகலைக் கழிக்கிறது. சக்கரம் ஏறினால் வளை இடிந்துவிடும். பூனை தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் அது உங்களைக் கண்டு ஒடுங்கியிருக்கிறது என்று பொருள், உடனே விலகிவிடுங்கள்.

உள்ளீடற்ற கறையான் புற்றுகளிலும் அது ஒதுங்குவதால், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'புற்றுப்புலி' என்று பொருள்படும் பெயர் அதற்கு உண்டு. ஒருநாள் அந்தி வேளையில் அத்தகைய புற்றொன்றிலிருந்து ஒரு பூனை வெளியே வந்து, சோம்பல் முறித்தபடி ஒரு பின்காலை நீட்டியது. பாதத்தின் அடிப்புறம் முழுவதும் கரிபடிந்தாற்போல் கறுத்திருந்தது.

கரிசல்வாசி
விளக்கு சிவப்புதான், ஐயா. பொறுமைதான் இல்லாமற் போயிற்று.