தப்பெண்ணம், கீழ்ப்படிதல்: ஒரே வகுப்பில் செய்து காட்ட முடியுமா?

கேள்வி (பாட ஆசிரியர், சென்னை): இளநிலை உளவியல், 40 மாணவர்கள், 50 நிமிடம். வட சென்னை, தென் சென்னை என்று இரண்டு அணியாகப் பிரித்தால் தப்பெண்ணம் தெரியுமா? அதிகாரியின் உத்தரவுக்கு மக்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிகிறார்கள் என்று பார்த்த மில்கிராமின் சோதனையையும் இதிலேயே சேர்க்கலாமா?

பதில் 1: அப்படிப் பிரிக்காதீங்க மேடம். ராயபுரம், அடையாறு என்றாலே பழைய கேலியும் கூடவே வந்துவிடும். பாரபட்சம் தெரிந்தாலும், அது குழுவாகப் பிரித்ததால் வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று சொல்ல முடியாது. 1971இல் உளவியலாளர் தாஜ்ஃபெல் குழுவினர் அர்த்தமில்லாத பிரிவைத் தேடியதே இதற்காகத்தான்.

திரையில் புள்ளிகளை இரண்டு விநாடி காட்டி எண்ணிக்கையை ஊகிக்கச் சொல்லுங்கள். 'கூட்டிச் சொன்னவர்', 'குறைத்துச் சொன்னவர்' என்று அறிவித்துவிட்டு, உண்மையில் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பெயர் வேண்டாம், குறியெண் போதும். பிறகு 13 கட்டம் உள்ள தாள். மேல் வரிசை தன் குழு ஆளுக்கு: 7, 8, 9… 19. கீழ் வரிசை மற்றக் குழு ஆளுக்கு: 1, 3, 5… 25. ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். தனக்குத்தானே புள்ளி போட இடமில்லை.

நடுக்கட்டம் 13–13. மற்றவரை முந்த வேண்டுமென்றால் 7–1 பக்கம் நகரணும், அதில் தன் ஆளுக்குக் கிடைக்கக்கூடிய 19இலிருந்து 12 புள்ளி வரை நட்டம். இந்த நட்டத்தை ஏற்கிறார்களா என்பதுதான் சோதனையே. இன்னொரு தாளில் வரிசைகளை மாற்றிக் கொடுத்து ஒப்பிடுங்கள். குறியெண் யாருடையது என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிந்தால் எல்லாம் வீண். அப்புறம் நட்புதான் பேசும். பாடத்தை நடத்தும் முன்பே இதைச் செய்யணும். சீட்டு விஷயத்தை அன்றே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: மில்கிராமை நடத்தவே கூடாது, போலி ஷாக் என்றாலும். ஊகப் போட்டி வையுங்கள். அந்தச் சோதனையில், தப்பாகப் பதில் சொல்லும் 'மாணவருக்கு' (உண்மையில் நடிகர்) ஷாக்கைக் கூட்டிக்கொண்டே போகும்படி பங்கேற்பாளருக்கு உத்தரவு வரும். அடிப்படைச் சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று மட்டும் சொல்லி, மற்றச் சூழல்களின் விகிதத்தை எழுதச் சொல்லுங்கள். பிறகு விடை: 'மாணவர்' அதே அறையில் என்றால் 40%, அவர் கையைப் பிடித்து ஷாக் தகட்டில் அழுத்தணும் என்றால் 30%, உத்தரவு போனில் வந்தால் சுமார் 20%, கூட இருந்த இருவர் மறுத்தால் 10%. ஆள் ரகம் அதேதான், சூழல்தான் மாறியது. 'அதிகார மனப்பான்மை', அதாவது ஆளின் குணம், என்று மட்டும் காரணம் எழுதும் விடைத்தாள்கள் சறுக்குவது இங்கேதான்.

பதில் 3: ஒரு திருத்தம். 'முகவர் நிலை' (தன்னை மேலதிகாரியின் கருவியாக மட்டும் நினைத்துப் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுவது) என்ற மில்கிராமின் விளக்கத்தை முடிந்த முடிவாக நடத்தாதீர்கள். இயந்திரமாகிவிட்டார்கள் என்றால், ஏன் வியர்த்து, நடுங்கி, வாதாடினார்கள்? உளவியலாளர்கள் ஹாஸ்லமும் ரைஷரும் சொல்வது வேறு: அறிவியலைத் தன் பக்கமாக நினைத்தவர் தொடர்ந்தார். தயங்குபவரிடம் சோதனையாளர் வரிசையாகச் சொல்லும் நான்கு தூண்டுதல்களில், 'வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகணும்' என்ற நான்காவதுதான் அப்பட்டமான உத்தரவு. பர்கரின் 2009 மறுசோதனையில் அது கேட்டபின் ஒருவரும் தொடரவில்லை. இப்படிப் பார்த்தால் இரண்டு பாடமும் 'நம்ம குழு' என்ற இடத்தில் சேர்ந்துவிடும், மேடம்.

கேட்டவர்: நன்றி. புள்ளித் தாளை முதல் 25 நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். சீட்டை நானே குலுக்கலாமா?

பதில் 1: வகுப்புக்கு முன்பே குலுக்கி, உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். முகம் பார்த்துக் கொடுத்தால் அதுவே இன்னொரு பிரிவாகிவிடும்.