நைரோபி செல்லும் மாணவர்களை இங்கிருந்து மேற்பார்வையிட யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மூன்று பேர் 8 வார ஆய்வுக்கு நைரோபி செல்கிறார்கள். அனுமதி வரிசை தெளிவு: நம் நெறிமுறைக் குழு, அங்குள்ள நெறிமுறைக் குழு, அதன்பிறகு கென்யாவின் தேசிய அறிவியல் ஆணையமான நாகோஸ்டியின் ஆய்வு உரிமம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பயணத்துக்கு 10 நாள் முன்பே போட்டாக வேண்டும்; சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

கவலையெல்லாம் ஆய்வில் சேர நோயாளிகளிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில்தான். ஆய்வுத் திட்டம் திருத்தப்பட்ட பிறகும் வார்டில் மீதமிருக்கும் பழைய சுவாஹிலி படிவத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அடிக்குறிப்பில் பதிப்பு எண்ணும் தேதியும் பொருந்தாவிட்டால் அந்த நோயாளியின் தரவைப் பயன்படுத்தவே சிக்கல். மொழி தெரியாத மாணவருக்காக நர்ஸ் விளக்கும்போது, அவர் சொன்னது படிவத்தில் உள்ளதுதானா என்று யார் உறுதி செய்வது? சாட்சிக் கையெழுத்துக்குத் தனி இடம் விட்டிருக்கிறோம். அது மட்டும் போதுமா?

அடுத்தது, நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாக மாணவரைக் குத்திவிட்டால். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் உடனேயே தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இரவில் அதை யார் தருவது, செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் யாரையும் விமானம் ஏற்றக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வாராந்திர வீடியோ அழைப்பு நம் நேரம் மாலை 4, அங்கே பிற்பகல் 1.30. அங்குள்ள மேற்பார்வையாளர் வாரம் எத்தனை மணி நேரம் மாணவருடன் நேரில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியவர்கள் இருக்கிறீர்களா? மாதிரி இருந்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள்.