நடந்தால் நட்சத்திரம் முட்டையாகிறது: தூணை இடிக்கணுமா?

கேள்வி:
கொல்லையில் தள்ளுகூரைக் கொட்டகை போட்டு, நடுவில் தொலைநோக்கிக்குக் கான்கிரீட் தூண் நிறுத்தினேன். கெட்டியாக இருக்கட்டும் என்று தூணையும் தரையையும் ஒரே நாளில் சேர்த்தே வார்த்தேன். இப்போது வானத்தைப் படம் எடுத்து ஓடும்போது நாலடி நடந்தாலே கைடிங் கிராஃப் (தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் வரைபடம்) முள் முள்ளாக எகிறுகிறது, நட்சத்திரங்கள் முட்டை வடிவில் விழுகின்றன. அசையாமல் உட்கார்ந்தால் அழகான வட்டம். தூணைக் கட்டிப்பிடித்து உலுக்கியும் பார்த்தேன், அசையவில்லை! குவியத்தூரம் 1000 மி.மீ., பிக்சல் 3.76 மைக்ரான். இடித்துக் கட்ட வேண்டுமா?

பதில்:
உலுக்கிப் பார்ப்பதெல்லாம் இதில் செல்லாது. உங்களுக்கு ஒரு பிக்சல் என்பது சுமார் 0.78 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). ஒரு மீட்டர் உயரத் தூணின் உச்சி 5 மைக்ரான் நகர்ந்தாலே ஒரு வில்நொடி சாய்ந்துவிடும். அதைக் கண்ணாலோ கையாலோ உணர முடியாது. கால் வைக்கும் இடத்தில் தரை லேசாக வளைகிறது, ஒட்டிக்கொண்டிருக்கும் தூணும் கூடவே சாய்கிறது.

தூணுக்கு அடியில் தனி அடித்தளம் உண்டா? இருந்தால், சுற்றிலும் தரையை மட்டும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டி எடுங்கள். வெறும் தரைமேல் நிற்கிற தூண் என்றால் மட்டும் வெட்டிவிடாதீர்கள், இன்னும் மோசமாகும்.

எறும்பு வருகிறதே என்று நான் என் தூணைச் சுற்றி விட்ட இடைவெளியில் சிமென்ட் பூசி வைத்தேன். காய்ந்ததும் பழைய ஆட்டம் அப்படியே திரும்பி வந்தது. பெயர்த்துவிட்டு மெத்தென்ற நுரைப்பட்டையைச் செருகினேன்.

கேட்டவர்:
மூன்றடிக் குழி தோண்டி, கம்பி கட்டித்தான் போட்டேன். அப்போ வெட்டலாம்.

இன்னொருவர்:
எனக்கென்னவோ தூண் உச்சியிலும் சந்தேகம். மட்டம் பார்க்க வசதியாக இரண்டு தகடு, நடுவே நீளமான போல்ட் என்று வைத்திருக்கிறீர்களா? அத்தனை தடிமனான தூணைக் கட்டிவிட்டு, கடைசி ஒரு சாண் உயரத்தை மெல்லிய போல்ட்டில் நிறுத்துகிறோம். நடந்தால் மட்டும் ஆட்டமா, தரைதான். காற்றுக்கும் ஆடினால் போல்ட். நட்டை இறக்கி, தகடுகளை எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ வையுங்கள்.

கேட்டவர்:
வெட்டியாயிற்று. தொலைநோக்கியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தது நல்லதாயிற்று, கொட்டகை முழுக்கச் சிமென்ட் தூசி. நேற்றிரவு படம் ஓடும்போது வேண்டுமென்றே தங்கு தங்கென்று குதித்தேன். கிராஃப் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் பன்னிரண்டு மணிக்குக் காற்று கிளம்பியது, மறுபடி முட்டை. போல்ட்டை அளந்தேன், தகடுகளுக்கு நடுவே ஆறு அங்குலம்.