பக்கத்துக் கணினியின் ராமை ஸ்வாப்பாக வைக்கலாமா?

ராம்பசி: வீட்டில் இரண்டு கணினிகள். நான் வேலை செய்வதில் 4 ஜிபி ராம், அதற்கு மேல் போர்டு ஏற்காது. இன்னொன்றில் 16 ஜிபி, பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. லினக்ஸில் என்பிடி (இன்னொரு கணினியின் இடத்தை நெட்வொர்க் வழியாக உள்ளூர் டிஸ்க் போலக் காட்டும் வசதி) வழியாக அதிலிருந்து 8 ஜிபியை எடுத்து ஸ்வாப்பாக, அதாவது ராம் போதாதபோது வழிவதைப் போட்டுவைக்கும் இடமாக, வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஹார்டு டிஸ்க் ஸ்வாப்பில் கர்சர்கூட நகர மாட்டேன் என்கிறது. யாராவது செய்ததுண்டா?

கொக்கி: செய்திருக்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள். ராம் தீர்ந்ததால்தான் ஸ்வாப்புக்கே போகிறோம். பேஜை (ராமின் 4 கேபி துண்டு) வெளியே அனுப்ப நெட்வொர்க் பாக்கெட் கட்ட வேண்டும், அதற்கும் ராம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. என் கணினி அப்படியே உறைந்துபோனது; ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டின் விளக்குகூட மினுக்கவில்லை.

கெர்னல்_ஆந்தை: அது எந்தக் காலத்துக் கதை அண்ணே? 2012-ல் வந்த 3.6 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இதற்கென்று அவசரத்துக்கு ஒதுக்கிய ராமைத் தொட அனுமதிக்கும் வசதி சேர்ந்துவிட்டது. வேகத்தைப் பாருங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் எங்கோ கிடக்கும் ஒரு பேஜைத் தேடி எடுக்க 10 மில்லிசெகண்ட் ஆகும். அதே 4 கேபி ஜிகாபிட் கம்பியைக் கடக்க 33 மைக்ரோசெகண்ட்தான். இரு முனையிலும் மென்பொருள் தின்னும் நேரத்தைச் சேர்த்தாலும் டிஸ்க் பக்கத்தில் வராது.

கொக்கி: சரி, என் கதை 2011. ஆனால் எஸ்எஸ்டியை ஏன் சத்தமில்லாமல் விட்டுவிட்டீர்கள்? அதுவும் 100 மைக்ரோசெகண்ட் அளவில்தான் நிற்கிறது. அப்புறம், அந்தக் கணினிக்கு கரண்ட் போனால்? அங்கே இருந்த பேஜ் போச்சு, இங்கே அதை நம்பி ஓடிய நிரலும் போச்சு.

கெர்னல்_ஆந்தை: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இன்ஃபினிஸ்வாப் (2017) என்ற இதே வகை மென்பொருள் அதற்குத்தான் உள்ளூர் டிஸ்கிலும் பின்னணியில் ஒரு பிரதி எழுதி வைக்கிறது. ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் கார்டே அடுத்த கணினியின் ராமை நேரடியாகத் தொடும் முறை) என்பதால் எதிர்க் கணினியின் சிபியுவையும் எழுப்புவதில்லை.

கொக்கி: ஆர்டிஎம்ஏ கார்டு வாங்குகிறவர் 4 ஜிபியில் ஏன் தவிக்கிறார்? ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும். அதுவும் வேண்டாமென்றால் இசட்ராம். பேஜை ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும்.

ராம்பசி: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் வைஃபைதான்.

கெர்னல்_ஆந்தை: வைஃபையா! முதலிலேயே சொல்லக் கூடாதா? இப்போதைக்கு இசட்ராம் போடுங்கள். ஒரு கேபிள் இழுத்து என்பிடியையும் ஓட்டிப் பார்த்து, கிடைத்த நேரங்களை இங்கே போடுங்கள். அதுவரை கொக்கி அண்ணன் ஜெயித்ததாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.