சேற்று எண்டியூரோவில் பாதியிலேயே கிளட்ச் போய்விட்டது, ரேடியேட்டரும் கொதித்தது. காரணம் என்ன?

ஈரமண்
எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு என் இரண்டாவது எண்டியூரோ போட்டி, அதாவது கரடுமுரடான தடத்தில் பல மணி நேரம் ஓட்டும் பைக் போட்டி. முதல் போட்டி காய்ந்த மண்ணில் நடந்தது. இந்த முறை இரவு முழுக்க மழை, காலையில் தடம் முழுக்கக் களிமண் சேறு. மூன்று மணி நேரப் போட்டியில் ஒன்றே கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். இதற்காக நான்கு மாதம் பயிற்சி எடுத்தேன், மனசே ஆறவில்லை.

பைக் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக். கேபிள் கிளட்ச், 13/50 ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம், முன்னால் 13 பல், பின்னால் 50), ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. கிளட்ச் பிளேட் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது.

முதல் சுற்றில் பிரச்சினை இல்லை. இரண்டாவது சுற்றில் கிளட்ச் லீவர் தொளதொளவென்று ஆனது. லீவரை முழுக்கப் பிடித்தாலும் பைக் முன்னால் நகர்ந்தது, இரண்டு முறை அணைந்தும் போனது. லீவர் பக்கத்தில் இருக்கும் திருகை இறுக்கினேன், உடனே சரியானது. அப்புறம் ஒரு ஏற்றத்துக்கு முன்னால் வரிசையில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. என் முறை வந்து ஏறினால் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. கருகிய வாடை, கூடவே ரேடியேட்டரிலிருந்து ஆவி. அங்கேயே முடிந்தது.

பிளேட் தரம் சரியில்லையா? அடுத்த போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அங்கும் மழை எதிர்பார்க்கிறார்கள்.

மலையேறி
கருகிய வாடை வந்தாலே பிளேட் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள். என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு அது ஆகாது.

கேபிள்கை
தம்பி, மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். அந்தத் திருகை அப்புறம் தளர்த்தினீர்களா? இப்போது இன்ஜின் ஆறிக் கிடக்கிறதல்லவா, லீவரில் எவ்வளவு ப்ளே (கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் லீவர் சும்மா ஆடும் தூரம்) இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

ஈரமண்
ஆயில் எம்ஏ2தான். திருகைத் தளர்த்தவில்லை அண்ணா, அந்த நினைப்பே வரவில்லை. இப்போது போய்ப் பார்த்தேன், லீவரில் ப்ளே துளியும் இல்லை. விறைப்பாக நிற்கிறது.

கேபிள்கை
அதுதான் விஷயம். பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

கிளட்ச் சூடாகும்போது உள்ளே இருக்கும் பிளேட்டுகள் எல்லாம் சேர்ந்து விரிந்து அடுக்கு தடிமனாகிறது. ஸ்பிரிங் பலத்தில் அந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. உங்கள் பைக் போல புஷ் ராட் (லீவரை இழுத்ததும் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பி) வைத்த கேபிள் கிளட்சில், ராடுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளிதான் கையில் தொளதொளப்பாகத் தெரிந்தது. லீவரை முழுக்க இழுத்தாலும் பிளேட்டுகள் சரியாகப் பிரியாததால்தான் பைக் நகர்ந்தது. அந்த நேரத்தில் நீங்கள் இறுக்கியது சரியான வேலை.

தவறு அடுத்த கால் மணி நேரத்தில் நடந்தது. வரிசையில் நின்றபோது கிளட்ச் ஆறியது, அடுக்கு சுருங்கியது, பிரஷர் பிளேட் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் கேபிள் இறுக்கமாகவே இருந்தது. நீங்கள் லீவரை விட்ட பிறகும் ராட் பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங்கால் முழு பலத்தோடு அழுத்த முடியவில்லை. அதே நிலையில் ஏற்றத்தில் முறுக்கினால் பிளேட்டுகள் வழுக்கிக் கருகாமல் என்ன செய்யும்?

சூட்டில் இறுக்கினால், ஆறியதும் தளர்த்த வேண்டும். ஆறிய நிலையில் லீவரின் அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ப்ளே பொதுவாகச் சரியாக இருக்கும், உங்கள் மேனுவலில் போட்டிருக்கும் அளவே முடிவு. ஹைட்ராலிக் கிளட்ச் இந்த வித்தியாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், அதனால் அதை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியாமலே போகலாம்.

கழற்றும்போது ஸ்டீல் பிளேட்டில் நீலக் கறை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றையும் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு வளைவு பாருங்கள். ஸ்பிரிங் நீளத்தையும் அளந்துவிடுங்கள், அதிகச் சூட்டில் அவையும் தளர்ந்து போகும். புதுப் பிளேட்டை ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

பழந்தடம்
கேபிள்கை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கிளட்ச் இரண்டாவது சுற்றிலேயே ஏன் அவ்வளவு சூடானது என்பதையும் பார்க்க வேண்டும். ஈரமண், சேற்றில் எந்த கியரில் போனீர்கள்?

ஈரமண்
பெரும்பாலும் முதல் கியர். வண்டி இழுக்காத இடத்தில் எல்லாம் கிளட்சைப் பாதி பிடித்து முறுக்கினேன்.

பழந்தடம்
அந்தப் பாதி கிளட்ச்தான் சூட்டின் ஊற்று. அதோடு ரேடியேட்டர் துடுப்புகளில் சேறு அப்பியிருக்கும், மெதுவாகப் போகையில் காற்றும் கிடைக்காது. போதாததற்கு வரிசையில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டிருப்பீர்கள். ஃபேன் இல்லாத பைக்கில் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.

சேற்றில் இரண்டாவது கியர், சீரான முறுக்கு, பின்சக்கரத்தின் மேல் கொஞ்சம் அதிக எடை, பார்வை தடத்தின் முடிவில். முதல் கியரில் பின்சக்கரம் சட்டென்று சுற்றித் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். நூறு பேர் போன சக்கரத் தடத்துக்குள் இறங்குவதைவிட, பக்கத்தில் யாரும் தொடாத புல்வரியில் போனால் பல நேரம் பிடிப்பு கிடைக்கும். தடத்துக்குள் விழுந்துவிட்டால் முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் அங்கேயே நிற்பீர்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம்தான் கூலண்ட்டைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது, திறந்த அடுத்த நொடி முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகு நிரப்புங்கள், கூலண்ட் கைவசம் இல்லை என்றால் போட்டியை முடிக்க வெறும் தண்ணீரும் போதும். கழுவும்போது பின்பக்கமிருந்து முன்னால், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷை நேராகக் காட்டினால் துடுப்புகள் மடங்கிவிடும்.

மலையேறி
அவசரப்பட்டுப் பிளேட் மீது பழி போட்டுவிட்டேன், கேபிள்கை சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டாவது கியர் என்று சும்மா சொன்னால் போதாது. 13/50இல் 250ஐ வைத்து, களிமண் ஏற்றத்தில் இரண்டாவது கியர் இழுக்காது, மறுபடியும் கிளட்சைத்தான் பிடிப்பார். பின்னால் 52 போட்டால் இழுவை 4 சதவீதம் கூடும். முன்னால் 12 போட்டால் 8 சதவீதத்துக்கு மேல் கூடும், செயினும் அநேகமாக அதே நீளம் போதும். ஆனால் சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் ஸ்விங் ஆர்ம் ஸ்லைடரை (பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் மேல் செயின் உரசாமல் இருக்கப் போட்ட பட்டை) அதிகமாகத் தேய்க்கும், அதை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

செயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள், சேறு பற்களில் அடைந்தால் அது தானே இறுகும். ஸ்கிட் பிளேட்டுக்கும் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு) இன்ஜினுக்கும் நடுவில் ஃபோம் அடைத்துவிட்டால் அங்கே சேறு சேராது, கிலோ கணக்கில் எடை மிச்சம். ரேடியேட்டர் காற்று வழியில் மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் கிளட்சைக் கருக்குவதைவிட இறங்கித் தள்ளுவது மேல். வெளி உதவிக்கு அனுமதி உண்டா என்று விதிகளில் முன்பே பாருங்கள், போட்டிக்குப் போட்டி மாறும். ஆஸ்திரியாவின் எர்ஸ்பெர்க் ரோடியோ எண்டியூரோ போட்டியில், 2015இல், முன்னணியில் இருந்த நான்கு பேருக்கும் ஒரு பகுதியைத் தனியாகத் தாண்ட முடியவில்லை. ஜார்விஸ், லெட்டன்பிக்லர், வாக்கர், கோமெஸ் நால்வரும் ஒருவர் பைக்கை ஒருவர் தள்ளி இழுத்துத் தாண்டினார்கள், நால்வரையும் வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். உலகின் தலைசிறந்தவர்களே கை கொடுத்து ஏறியிருக்கிறார்கள், நாம் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம்.

ஈரமண்
கழற்றிப் பார்த்தேன். எட்டு ஸ்டீல் பிளேட்டில் ஐந்தில் நீலக் கறை, இரண்டு வளைந்திருக்கின்றன. ஸ்பிரிங் மேனுவலின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. மொத்த செட்டும் மாற்றுகிறேன், முன்னால் 12 போடுகிறேன். இன்னொரு சந்தேகம்: காகிள்ஸ். போன முறை பத்தே நிமிடத்தில் கண் தெரியாமல் கழற்றி எறிந்துவிட்டேன்.

பழந்தடம்
கழற்றாதீர்கள் தம்பி, முன்னால் போகிறவரின் சக்கரம் கல்லையும் சேர்த்துத்தான் வீசும். ரோல்-ஆஃப் (கண்ணாடி மேல் இருக்கும் பிலிம் சுருளை இழுத்தால் சேறு விலகும் காகிள்ஸ்) வாங்குங்கள். ஒவ்வொன்றாக உரித்து எறியும் டேர்-ஆஃப் பிலிம் குப்பையாகிறது என்று பல போட்டிகளில் தடை. மாற்றுக் காகிள்ஸும் காய்ந்த கையுறையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வையுங்கள்.

ஈரமண்
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போட்டி நேற்று, மழையும் வந்தது. மூன்று மணி நேரமும் ஓட்டி முடித்தேன்! கிளட்ச் திருகில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். இரண்டாவது சுற்றில் லீவர் தளர்ந்தது, மூன்று கிளிக் இறுக்கினேன். ஏற்றத்து வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன், கிளம்பும் முன் அதே மூன்று கிளிக்கைத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் முயற்சியில் பாதியில் நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்தார், மேலே போனதும் நான் இறங்கி வந்து அவர் பைக்கை இழுத்தேன். கேபிள்கை அண்ணா, ஆறிய பிறகு ப்ளே அளந்தேன், 3 மில்லிமீட்டர்.